ஒருவரும் மாட்டேன் என்று சொல்லாத கருத்துக்கணிப்பு

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு தம்பி எழுந்து நின்று சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னார். தன்னுடைய காற்றாலைத் திட்டத்துக்கு அந்த ஊரில் ஒரு வீடு கூட எதிர்ப்புச் சொல்லவில்லையாம். எல்லாரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. தேநீர் நேரத்தில் அவர் என்னைத் தேடி வந்து, "ஏன் மிஸ், உங்களுக்கு அது பிடிக்கேல்லையோ" என்று கேட்டார். ஒரு கையில் வடையும் மறு கையில் கோப்பையுமாக நின்று பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். இதுதான் அந்தப் பதில். கொஞ்சம் நீளம். என் வாய் அப்படி. வேலையில் இருந்த காலத்திலும் எல்லாரும் என்னைப் பற்றிச் சொன்ன குறை அதுதான்.

நான் ஓய்வு பெறும்வரை செய்த வேலை ஒன்றே ஒன்று. கதவைத் தட்டி, இது உங்கள் ஊருக்கு வந்தால் சரியா என்று கேட்பது. சூரியத் தகடு, சிறிய நீர் மின் நிலையம், காற்றாலை என்று சாமான் மாறும், கேள்வி மாறாது. காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று அளக்க நல்ல கருவிகள் இருக்கின்றன. சனம் என்ன நினைக்கிறது என்று அளக்க எங்களைத்தான் அனுப்புகிறார்கள். நாங்களோ சாப்பாடு பிந்தினால் கோபப்படுகிற, வெயிலில் களைக்கிற ஆட்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

இது யுத்த காலத்தில் கொழும்பில் நடந்தது. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். மழை பொய்த்து, மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றி, ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் மின்வெட்டு. வடக்கில் சண்டை, கொழும்பில் குண்டு. மண்ணெண்ணெய்க்குக் கியூ. அந்த நேரத்தில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம், கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரம் கடற்கரையில் பரீட்சார்த்தமாக ஒரு காற்றாலை போட்டுத் தருகிறோம் என்று முன்வந்தது. பெரிய பண்ணை ஒன்றும் இல்லை, ஒரேயொரு காற்றாலை. அந்தக் கரையில் தமிழ் மீன்பிடிக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பலகை வீடுகளுக்கு வெளிச்சம் கொடுக்க, மீன் வைக்கிற ஐஸ் அறையை ஓட்ட. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: அங்கே இருக்கிற மக்களுக்குச் சம்மதமா என்று விசாரித்துச் சொல்லுங்கள். நகரத்து நடுத்தர ஆட்கள் காற்றாலை பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றும் தெரிய வேண்டும் என்று வெள்ளவத்தையையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த விசாரணை எங்கள் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, வந்தது. கந்தோர் என்றால் வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடி, அவ்வளவுதான். எங்கள் தலைவர் கொம்பனித்தெருவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், பொறியியலாளர். நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வெள்ளவத்தையில் குடியிருந்தவள். என்னோடு வீடு வீடாக வந்தவள் நில்மினி, தெமட்டகொடைச் சிங்களப் பிள்ளை, ரயில்வேக்காரரின் மகள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும், எனக்குச் சிங்களம் கொஞ்சம் வாய்க்கு வரும். இரண்டையும் கலந்து, இடையில் இங்கிலீஷையும் போட்டுக் கதைப்போம்.

வெள்ளவத்தையில் தொடங்கினோம். அங்கே ஒரு பென்சன்காரரை மறக்க ஏலாது. மின்சாரத் துறையிலேயே காலம் கழித்தவர். கதிரையில் இருத்தி, காற்றாலை ஏன் இந்த நாட்டுக்குச் சரிவராது என்று பாடமே எடுத்தார். சோளகக் காற்று ஒரு பக்கம் இழுக்கும், வாடைக் காற்று மறு பக்கம் இழுக்கும், உப்புக் காற்றில் இரும்பு நிற்காது, திருத்துவதற்கு ஆள் இல்லை, எல்லாம் கமிஷன் அடிக்கிற வேலை என்று அவர் சொல்லி முடிக்க எங்கள் தேநீர் ஆறிப்போனது. சரி ஐயா, அப்போ நீங்கள் எதிர்ப்பு என்று எழுதட்டா என்று கேட்டேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை எண்டு எழுதும் பிள்ளை. வடிவா எழுதும்" என்றார். வெளியே வந்து படியில் நின்று நானும் நில்மினியும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்ததோடு விட்டுவிட்டோம். அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

பிறகு முகத்துவாரம். கடற்கரைக்கு இறங்குகிற ஒடுக்கமான ஒரு ஒழுங்கை, அதில் முதல் வீடு றோசலின் அக்காவுடையது. வாட்டசாட்டமான மனுஷி. கடற்கரையில் இருந்த ஒரு வெற்று நிலத்தில்தான் கருவாடு காயப் போடுவார். காற்றாலை வரப் போவதும் அதே நிலத்தில். நான் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள், "நல்லது தானே மிஸ், போடுங்க" என்றார். அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டிலும் அதே. வெயில் ஏற முன் ஒழுங்கை முழுவதும் முடிந்துவிட்டது. இவ்வளவு சுகமான வேலையை நான் அதற்கு முதல் செய்ததில்லை. ஒருவருக்கும் சத்தம் பிரச்சினை இல்லை, நிழல் பிரச்சினை இல்லை, கருவாடு காய இடம் குறைகிறதே என்ற கவலை கூட இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நில்மினி ஒரு கேள்வி கேட்டாள். நாங்கள் காற்றைப் பற்றித்தானே கேட்கிறோம், பிறகு ஏன் இவர்கள் எல்லாரும் பொலிஸ் துண்டைக் கொண்டுவந்து தருகிறார்கள் என்றாள்.

உங்களுக்கு இதை விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழ் வீடுகளில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். பதிந்ததற்கு ஒரு துண்டு தருவார்கள். அதையும் அடையாள அட்டைப் பிரதிகளையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்போம். தேடுதல் எந்த நேரத்திலும் வரும், அந்த நேரத்தில் அலுமாரி கிண்டிக்கொண்டிருக்க முடியாது. என் வீட்டிலும் அந்த உறை கதவு ஆணியில் தொங்கியது. அதனால் முகத்துவாரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பதில் சொல்ல முன்னமே அந்த உறையை எடுத்து நீட்டியபோது எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வாங்கிப் பார்த்துவிட்டு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது மாதிரி, அதுவும் ஒரு வழக்கம் என்று ஆகிவிட்டிருந்தது.

நான் அவளிடம், அது அப்படித்தான், ஆர் வந்தாலும் காட்டுவம் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, தங்கள் வீட்டுக்கு இப்படி யாராவது பேனையோடு வந்தால் அம்மா முதலில் நீ யார், உன்னை அனுப்பியது யார் என்று கேட்பா என்றாள். குத்திக்காட்டுகிற பிள்ளை இல்லை அவள். நினைத்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அன்று முழுவதும் எங்களிடம் நீங்கள் ஆர் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர்கள் சொன்ன ஓம் காற்றாலைக்குச் சொன்ன ஓம் இல்லை. வாசலில் வந்து நிற்கிற கந்தோர் ஆளுக்குச் சொன்ன ஓம். வெள்ளவத்தைப் பென்சன்காரர் சொன்னதும் அதேதான். சிரித்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

தெமட்டகொடைப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. உள்ளூர் ஆளை அனுப்பினால் எல்லாம் விளங்கும் என்று இப்போது உங்கள் வகுப்புகளில் சொல்கிறார்கள். பாதி சரி. மற்றப் பாதிக்கு, பக்கத்தில் ஒரு வெளியாளும் வேண்டும்.

அடுத்த ஞாயிறு நான் தனியாக முகத்துவாரம் போனேன். கையில் ஒன்றுமில்லை, பேனை கூட இல்லை. பூசை முடிந்து வந்து றோசலின் அக்கா சாளை மீனைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வீட்டுப் பக்கம் போக வெளிக்கிட்டார். துண்டு எடுக்கத்தான். வேண்டாம் அக்கா, இன்றைக்கு வேலையாக வரவில்லை என்று சொல்லி, கவிழ்த்து வைத்திருந்த மீன் பெட்டியில் உட்கார்ந்து நானும் ஒரு பக்கம் மீனைப் புரட்டினேன். உப்பு கை விரலில் ஏறி எரிந்தது. மீன் விலை கதைத்தோம், மண்ணெண்ணெய்க் கியூ கதைத்தோம். மின்சாரக்காரரைத் திட்டினோம். அதில் அக்கா நல்ல கெட்டிக்காரி. நான் கேட்டு ரசித்தேன்.

உங்களுக்கு விருப்பமா என்று இந்த முறை நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை ஏற்கெனவே தயாராக இருந்தது. "அந்தக் காத்தாடி வந்தா, அதோடை சேர்ந்து வேறை என்னென்ன வரும் எண்டு நினைக்கிறீங்கள் அக்கா" என்று கேட்டேன்.

லைட் வரும் என்றார். ஐஸ் கரையாது என்றார். பார்க்க வெளியூர் ஆட்கள் வருவார்கள், இரண்டு கிலோ கருவாடு கூட விற்கலாம் என்றார். பிறகு கை நின்றது. ஒழுங்கை வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"சென்றி வரும் மிஸ்" என்றார். "கரண்ட் சாமான் எண்டா ஆமிய நிப்பாட்டுவாங்க தானே, குண்டு வெச்சிருவாங்கன்னு. வேற எங்க நிப்பாட்டுற? இந்த ஒழுங்க வாயிலதான்."

சென்றி என்றால் ஆமிக் காவலரண். அவர் சொன்னது சரிதான். அப்போது கொழும்பில் மின்மாற்றிக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் கூடக் காவல். மின்சாரம் உண்டாக்குகிற ஒரு கோபுரத்தை வெறுமனே விட்டுவிட்டுப் போவார்களா?

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் விஷயம். மகளுக்கு அந்த வருடம்தான் கலியாணம் முடிந்திருந்தது. மருமகன் சேவியர் மன்னார்ப் பையன், கடல் தொழில் செய்பவன். அடையாள அட்டையில் மன்னார் என்று இருந்தது, வடக்கு ஊர் என்றாலே அப்போது சந்தேகம்தான். கொழும்புக்கு வந்த பிறகு இரண்டு தரம் சென்றியில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒன்றும் செய்யாத பிள்ளை. இரண்டாம் முறை பங்குத் தந்தையைக் கூட்டிக்கொண்டு போய்க் கதைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் ஒழுங்கையை விட்டு வெளியே போவதில்லை. வீட்டிலிருந்து மணலில் இறங்கி நேரே வள்ளம், வள்ளத்திலிருந்து நேரே வீடு. ஒழுங்கை வாயில் சென்றி வந்தால் அந்த மணலும் ஆமியின் கண் பார்வைக்குள் வந்துவிடும்.

"ஒவ்வொரு நாளும் விடியக்காலையில அவங்களுக்கு முன்னாலதான் கடலுக்குப் போகணும். ஒரு நாளைக்கு விடுவாங்க, ரெண்டு நாளைக்கு விடுவாங்க. காத்தாடி நல்லது மிஸ், அது பொய்யில்ல. ஆனா நீங்க இத எங்கயும் எழுதிராதீங்க. சென்றி வேணாங்கிறாங்கன்னு தெரிஞ்சா அதுவே போதும்."

அடுத்த பாயில் மீன் புரட்டிக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, என் வீட்டுக்காரரின் தம்பியும் அப்படித்தான் என்றாள். எழுத மாட்டேன் என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு நடந்து வரும்போது இரண்டு பக்கத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பயந்துபோய்விட்டேன் என்றே சொல்கிறேன். எழுதாமல் விட்டால் எங்கள் கருத்துக்கணிப்பில் எல்லாரும் ஓம். காற்றாலை வரும், சென்றி வரும், ஒரு காலையில் சேவியரைக் கொண்டுபோவார்கள். எழுதினால் காற்றாலைக்கு முன்னமே சுற்றிவளைப்பு வரும்.

திங்கட்கிழமை சேரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். முதலில் அவர் செய்தது, பாதுகாப்புப் பக்கம் வேலை பார்த்த தன் பள்ளிக்கூட நண்பர் ஒருவரிடம், பெயர் ஊர் சொல்லாமல், இப்படி ஒரு கோபுரம் காவல் இல்லாமல் நிற்க ஏலுமா என்று கேட்டது. ஏலாது என்று பதில் வந்தது. அதோடு அந்த வழி அடைபட்டது.

நான் கொதித்தேன். அந்தச் சனத்தின் உண்மையான பயத்தை எழுதாவிட்டால் நாங்கள் எதற்கு இந்த வேலைக்கு என்று சத்தம் போட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "நீங்க எழுதுங்க மிஸ், நான் கையெழுத்துப் போடுறேன். ஆனா சென்றி வேணாம்னு சொன்னது யாருன்னு அடுத்த நாள் ஒருத்தர் கேப்பார். அவருக்கு நீங்க என்ன சொல்லுவீங்க" என்று மட்டும் கேட்டார். இந்தத் திட்டம் போனால் கந்தோரில் சம்பளம் கொடுக்கவே கஷ்டம் என்பதும் இருவருக்கும் தெரியும். அதை அவர் வாயால் சொல்லவில்லை என்பதற்காக இன்றைக்கும் அந்த மனிதரை மதிக்கிறேன்.

கோபத்தில் நான்தான் சொன்னேன், இந்தச் சனத்திட்டைப் போய், மின்வெட்டை இன்னும் கூட்டட்டோ எண்டு கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லும் என்று. சேர் மேசையில் கிடந்த ஒரு வெற்றுப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, "கேட்டுப் பாருங்க" என்றார்.

அப்படித்தான் அந்தக் கேள்வி பிறந்தது. முகத்துவாரத்துக்குப் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் வேறு தமிழ்த் தெருக்கள், வெள்ளவத்தையில் முதல் போன அதே தமிழ் வீடுகள். அதே மாதிரி உடுப்பு, அதே பேனை. மின்வெட்டை இன்னும் சில மணித்தியாலம் கூட்டினால் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டோம். ஓம் என்றார்கள். பிரச்சினை இல்லை என்றார்கள். அரசாங்கம் எது செய்தாலும் யோசித்துத்தானே செய்யும் என்றார்கள். எங்கள் பென்சன்காரரை அன்று காலைதான் மண்ணெண்ணெய்க் கியூவில் கண்டிருந்தேன், மின்சாரக்காரரின் பரம்பரையையே இழுத்து வைதுகொண்டிருந்தார். வீட்டு வாசலில் அதே மனிதர், "நாட்டு நலனுக்கு எண்டா கூட்டட்டும் பிள்ளை" என்றார். பின்னால் நின்ற மனைவி வேர்க்க வேர்க்க விசிறிக்கொண்டே தலையாட்டினா.

நில்மினி தன்பாட்டில் தெமட்டகொடையில் தங்கள் சிங்களச் சனம் இருக்கிற ரயில்வே வீடுகளில் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தாள். முதல் வீட்டில் உனக்குப் பைத்தியமா என்று கேட்டார்களாம். இரண்டாவது வீட்டில் ஒரு அம்மா விளக்குமாற்றோடு தெரு முனைவரை வந்தாவாம். அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் பக்கத்துப் பதில்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான்.

உதவி நிறுவனத்தோடு நடக்க இருந்த கூட்டத்தில் தெமட்டகொடையைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றார் சேர். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கதை இனப் பிரச்சினைக்குப் போய்விடும், நாங்கள் மறைக்க நினைப்பதே அதற்குப் பிறகு வெளியே வரும் என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒத்துக்கொண்டேன். உங்களிடம் இருக்கிற எல்லா உண்மையையும் எல்லா மேசையிலும் வைக்க வேண்டும் என்று இல்லை. எதை வைத்தால் யாருக்குத் தலைவலி என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

கூட்டம் கொள்ளுப்பிட்டியில். உதவி நிறுவனத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அமைச்சிலிருந்து ஒரு அதிகாரி, பாதுகாப்பு விஷயத்துக்கென்று ஒரு பொலிஸ் அதிகாரி. அமைச்சு அதிகாரி எங்கள் முதல் கணிப்பை வாசித்துவிட்டு நல்ல சந்தோஷத்தில் இருந்தார். மக்கள் முழு ஆதரவு என்று சொல்லிக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார். நான் எழும்பினேன். எங்கள் கருத்துக்கணிப்பு பிழை, அதைப் பாவிக்க முடியாது என்று இங்கிலீஷில் சொன்னேன். எல்லாரும் ஓம் என்றிருக்கிறார்கள், இதில் என்ன பிழை என்று அதிகாரி கேட்டார். எல்லாரும் ஓம் என்றதுதான் பிழை என்று சொல்லி, மின்வெட்டைக் கூட்டட்டா என்று நாங்கள் கேட்ட கதையையும் வந்த பதில்களையும் சொன்னேன். இவர்களுடைய ஓமை வைத்து எதையும் முடிவு செய்ய ஏலாது என்றேன்.

அந்தப் பெண்மணி முதலில் சிரித்தா. பிறகு சிரிப்பை நிறுத்தி, என் முகத்தை நேரே பார்த்து, அப்படியானால் அந்த மக்களுக்கு உண்மையில் எதிர்ப்பு இருக்கிறதா, இருந்தால் என்ன காரணம் என்று கேட்டா. அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பொலிஸ் அதிகாரியும் என் பக்கம் திரும்பினார்.

தெரியாது என்றேன். நாங்கள் சரியாகக் கேட்கவில்லை, அதனால் எங்களுக்குத் தெரியாது.

அது பொய். இந்தத் தொழிலில் தெரிந்துகொண்டு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஒரு துளி வருத்தமும் இல்லை. அமைச்சு அதிகாரி பிடித்துக்கொண்டார். இவ்வளவு காலத்தையும் வீணாக்கிவிட்டீர்கள், ஒரு கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் எதற்கு இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று ஏறி விழுந்தார். சேர் எங்களுக்காக ஒரு வார்த்தையும் வாதாடவில்லை. பிழை எங்களுடையதுதான் என்று தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். அப்படிச் செய்வதென்று முதல் நாளே கதைத்து வைத்திருந்தோம். முகத்துவாரத்துச் சனம் அந்த அறையில் யாருடைய வாயிலும் எதிர்ப்பாளர்கள் ஆகவில்லை. கெட்டிக்காரத்தனம் இல்லாத ஒரு கந்தோர் மட்டும்தான் அங்கே குற்றவாளி.

அந்தக் காற்றாலைக்கு வைத்திருந்த காசு தெற்குக் கரைக்குப் போனது. எங்களுக்குக் கொஞ்சக் காலம் ஒருவரும் வேலை தரவில்லை. நில்மினி ஒரு வங்கியில் சேர்ந்துவிட்டாள். எனக்கும் சேருக்கும் அரைச் சம்பளம். அரைச் சம்பளம் என்று சொல்லும்போது கூட அவர் முகம் கோணவில்லை.

தம்பி, உங்கள் ஊரில் ஒருவரும் எதிர்ப்புச் சொல்லவில்லை என்றீர்கள். உண்மையாகவும் இருக்கலாம், நல்ல திட்டமாகவும் இருக்கலாம். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பிப் போய், இது வந்தால் இதோடு சேர்ந்து வேறு என்ன வரும் என்று கேளுங்கள். வேலி வருமா, காவல் வருமா, ரோட்டு யாருடைய வளவால் போகும், எந்தத் துரை எந்த நேரம் வந்து நிற்பார். காற்றாலையைப் பற்றிச் சனத்துக்குப் பெரிய கோபம் இருக்காது. அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற சாமான்கள் மேல்தான் இருக்கும். அதை உங்களிடம் சொன்னால் தங்களுக்கு என்ன நடக்கும் என்றுதான் முதலில் யோசிப்பார்கள்.

இவ்வளவோடு நிறுத்தினால் நான் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருக்கும். அப்படி இல்லை. இரண்டு மூன்று வருடம் போயிருக்கும். நகரத்தில் ஒரு பெரிய குண்டு வெடித்தது, அதற்குப் பிறகு கடற்கரை ஒழுங்கைகள் எல்லாவற்றிலும் காவல் போட்டார்கள். முகத்துவாரத்திலும் போட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு பின்னேரம் போனேன். ஒழுங்கை வாயில் மணல் மூட்டை அடுக்கியிருந்தது. என் பையைத் திறந்து பார்த்துவிட்டு விட்டார்கள். கரண்ட் இல்லை. றோசலின் அக்கா அதே நிலத்தில் மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. சேவியரும் மகளும் நீர்கொழும்புப் பக்கம் போய்விட்டார்கள் என்றார். சென்றி வந்த கிழமையே போய்விட்டார்களாம்.

"இப்ப வீட்ல பயப்படுறதுக்கு யாரும் இல்ல மிஸ்" என்றார். "சென்றியும் வந்திருச்சு. இனி அந்தக் காத்தாடியப் போடச் சொல்லுங்க. றோசலின் ஓம்னு சொன்னான்னு எழுதுங்க, பேரப் போட்டே எழுதுங்க."

காசு வேறு ஊருக்குப் போய்விட்டது அக்கா, இனி வராது என்றேன். சென்றியும் வந்து, மருமகனும் போய், வெளிச்சமும் இல்லை. நான் அந்தக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வெளிச்சமாவது வந்திருக்கும். அப்படியே அவரிடம் சொன்னேன், நான் செய்ததால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லாமல் போய்விட்டது என்று.

அவர் பொறுக்கின மீனைப் பனையோலைக் கடகத்தில் போட்டுவிட்டுக் கையை மணலில் தேய்த்தார். "ஏன் அப்பிடிச் சொல்றீங்க. சென்றி வர முந்தியே மகளோட சின்னது இந்த மணல்லதானே நடக்கப் பழகிச்சு. சேவியர்தான் கையப் புடிச்சு நடக்கப் பழக்கினான்" என்றார்.

அவருக்கு ஒரு பேரப்பிள்ளை பிறந்திருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆணா பெண்ணா என்று கேட்டேன். பெண் பிள்ளை என்றார். பிறகு கடகத்தின் மற்றப் பிடியை என்னைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேருமாக அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.